கடைசிச் சுற்று கறுப்பு

பாரிசில், லா சப்பலில் இருக்கும் என் தையல் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பதினொரு தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபுகல் என்று எங்கள் தமிழ் ஆட்கள் வாடகைக்கு எடுத்துப் போவார்கள். வெள்ளியும் இல்லை, எவர்சில்வரும் இல்லை, புல்லைச் சுருட்டிச் செய்த தட்டுகள். தெருவால் போகிற பிரெஞ்சுக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கே செய்தது என்று யாராவது கேட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவேன். எனக்கு இதைச் சொல்வதில் அவ்வளவு பெருமை. பெருமையை மூடிவைக்கிற குணம் என்னிடம் இல்லை. என் கணவர் இதையே வேறு சொல்லால் சொல்வார்.

கடை திறப்பதற்கு முன் ஒன்பது வருடம் நான் சென் தெனியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். நாங்கள் ‘மெனாஜ்’ என்று சொல்கிற வேலை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, கோட்டுப் போட்டவர்கள் வருவதற்கு முன் முடித்துவிட்டு மறைந்துவிட வேண்டும். என்னோடு அதே மாடியில் வேலை செய்தவள் ஒரு செனகல்காரி. இதில் அவளை என் கூட்டாளி என்றே சொல்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆறு மாதம் அவளை நான் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஆட்கள் ஆபிரிக்கர்களை ‘கறுவல்’ என்பார்கள். நானும் வீட்டுக்கு வந்து கணவரிடம் ‘அந்தக் கறுவல் பொம்பிளை’ என்றுதான் கதைப்பேன். என்னவோ நாங்கள் எல்லாம் பாலில் குளித்து எழும்பியவர்கள் மாதிரி. பிறகு ஒருநாள், வாளியைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்து நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு கதையும் கேட்காமல் என் பங்கு மாடியையும் துடைத்து முடித்தாள். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். கழுவி முடித்ததும் அதில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் எங்கள் கையெழுத்து இருந்த இடம் அது ஒன்றுதான். நான் என் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் போடுவேன். அவள் எழுத்துப் போடுவதில்லை. இரண்டு கோடு குறுக்கே இழுத்து, கீழே ஒரு சின்ன வளையம் போடுவாள். கடைசித் தாளில் போட்டு முடிந்ததும் பேனையைக் காதில் செருகிக்கொண்டு, “கையெழுத்து வைச்சாச்சு. இனிப் போவம்” என்பாள். ஒன்பது வருடமும் இதே வசனம். அவள் சொன்னது பிரெஞ்சில். நாங்கள் இரண்டு பேரும் கதைத்த உடைந்த பிரெஞ்சு என் காதில் எப்போதும் என் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய மகளுக்கு மூச்சு இழுப்பு வருத்தம் இருந்தது. இழுப்பு வந்த காலைகளில் அவள் பிந்தி வருவாள். அந்த நாட்களில் அவளுடைய கழிப்பறைகளையும் நானே கழுவி, அவளுடைய இரண்டு கோட்டையும் வளையத்தையும் நானே போட்டுவிடுவேன். மேற்பார்வையாளர் ஒருநாளும் பிடிக்கவில்லை. கள்ளக் கையெழுத்தில் எனக்கு நல்ல கைராசி.

மகள் வளர்ந்து வேலைக்குப் போனதும் கூட்டாளி ஊரோடு போய்விட்டாள். நான் தையல் கடை திறந்தேன். அவள் அங்கே தட்டும் கூடையும் செய்கிற பெண்களோடு சேர்ந்து சந்தையில் ஒரு கொட்டகை போட்டிருப்பதாகச் சொன்னாள். “வந்து பார், வந்து பார்” என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டு, கடைசியில் “நீ வரமாட்டாய், உனக்குப் பயம்” என்று சொன்ன அன்றைக்கே விமானச் சீட்டு எடுத்தேன். என்னைப் பயந்தவள் என்று சொன்னால் நான் எங்கேயும் போவேன்.

போகும்போது இரண்டு பெட்டி நிறையப் பழைய உடுப்புச் சேர்த்துக்கொண்டு போனேன். ஏழைப் பெண்களுக்கு உதவி செய்யப் போகிறேன் என்று லா சப்பல் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். செனகலின் தலைநகர் டக்காரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வாரத்தில் ஒருநாள் சந்தை கூடுகிற சின்ன ஊர். குதிரை வண்டிகளில் நிலக்கடலை மூட்டை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வேப்பமர நிழலில் தக்காளி, கருவாடு, பிளாஸ்ரிக் வாளிகள். அதற்குப் பக்கத்திலே மலை மலையாக ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய உடுப்பு. நான் கொண்டுபோனதைவிட எல்லாம் நல்ல உடுப்பு. கூட்டாளி என் பெட்டியைத் திறந்து பார்த்தாள், சந்தையைப் பார்த்தாள், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பாரிசிலை கழிச்சு விட்டது எல்லாம் தன்ரை பாட்டிலை இஞ்சை வந்து சேருது. நீ ஏன் காசு குடுத்துக் காவிக்கொண்டு வந்தனி?”

நான் உதவி செய்ய வந்த ஏழைப் பெண்கள் கொட்டகைக்குள் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளோடு சேர்த்துப் பதினொரு பேர். ஒவ்வொருத்தியும் கஞ்சி போட்டு மடிப்பெடுத்த நீள அங்கி, அதே துணியில் தலைக்கட்டு. கழுத்தைச் சுற்றிச் செய்திருந்த நூல் வேலையைப் பார்த்ததும் தையல்காரியான எனக்கு வயிறெரிந்தது. முட்டி வரை மண் பிடித்த காற்சட்டையோடு நின்ற என்னைத்தான் அவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

தட்டுச் செய்வது பின்னல் வேலை என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அது தையல் என்று தெரிந்தது. ஒரு பிடி புல்லைக் கயிறு மாதிரித் திரட்டி, அதைச் சுற்றி நிறப் பிளாஸ்ரிக் நாடாவை இறுக்கிச் சுற்றுவார்கள். முன் சுற்றில் குத்தூசியால் துளை போட்டு நாடாவை அதற்குள்ளால் இழுத்து இறுக்குவார்கள். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வரும். நாடா எங்கிருந்து என்று கேட்டேன். பாய் செய்கிற தொழிற்சாலையில் மிஞ்சுவதாம். எல்லாத் தட்டுக்கும் கடைசிச் சுற்று கறுப்பு. அதன் முனையில் சின்னதாக ஒரு முடிச்சு. நான் அதை வடிவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருத்தி எழும்பி, ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள். தட்டு அசையவில்லை. என்னையும் ஏறச் சொன்னாள். நானும் ஏறி நின்றேன், அவளைவிட நான் பாரம், அப்போதும் அசையவில்லை. என் கையில் ஒரு குத்தூசியைத் தந்து ஒரு துளை போடச் சொன்னார்கள். முதல் துளையே விரலில். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஐந்தாவது தையலில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி என் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிரான்ஸ் குடியுரிமை கிடைத்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வரவில்லை. அந்தக் குத்தூசியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த உசாரில்தான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகள் தூக்கி வருவார்கள், ஒற்றைப்படையாக வர வேண்டும், உங்கள் பதினொரு பேரின் தட்டையும் ஒரு கலியாணத்தில் தூக்க வைக்கிறேன் என்று சொன்னேன். தட்டில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டார்கள். பூ, பழம், கற்கண்டு, வெற்றிலை என்று அடுக்கினேன். எல்லாவற்றிலும் பெரிது கூறைத் தட்டு, தாலி கட்டும்போது மணப்பெண் உடுக்கும் சேலையும் தாலியும் அதில்தான் வரும் என்றதும் பதினொரு பேருக்கும் சண்டை. கூட்டாளி கையைத் தட்டி அடக்கினாள். “சேலை என்ரையிலை. இவளைக் கொண்டுவந்தது நான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “தூக்கிக்கொண்டு போறதை எங்களுக்குக் காட்டவேணும். இவை எல்லாரும் பாப்பினம்” என்றாள். போனில் காட்டுகிறேன் என்றேன்.

பாரிசுக்குத் திரும்பிய கிழமையே ஆள் கிடைத்தது. பக்கத்திலே மார்க்ஸ் டோர்மோய் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. பதினைந்து வருடமாக என்னிடம்தான் சாறிச் சட்டை தைக்கிறவ. மகனுக்கு ஆனியில் கலியாணம். நான் போனில் எடுத்து வந்த தட்டுகளின் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தா.

“நல்ல வடிவாய்த்தான் இருக்கு தங்கச்சி. ஆனா உந்தக் கறுப்புக் கரை என்னத்துக்கு? நல்ல காரியத்திலை கறுப்பு வைக்கலாமே?”

“கறுப்பில்லாமல் செய்யச் சொல்லலாம் அக்கா” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கறுப்பு நல்ல காரியத்துக்கு ஆகாது என்பது எங்கள் எலும்புக்குள்ளே ஊறிய விசயம். அன்று பின்னேரமே கூட்டாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் திருப்பிக் கேட்டாள். “கறுப்பு வேண்டாமோ? நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியோ?”

“ஓம். கலியாணத்துக்குக் கூடாது.”

“சரி. கறுப்புப் போடமாட்டம்.”

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை, ஊருக்குப் போய்வந்த கூட்டாளியின் உறவுக்காரர் பொதியைக் கொண்டுவந்து கடையில் இறக்கினார். வெட்டித் திறந்தேன். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கண்ணைப் பறித்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். கரை இல்லை. கடைசிச் சுற்றுக்கான புல், நாடா சுற்றாமல், வெறும் நூலால் கட்டியபடி தட்டின் ஓரத்தில் வால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். பதினொரு தட்டு, பதினொரு வால்.

எனக்கு வந்த கோபத்தில் கூட்டாளியைப் போனில் கூப்பிட்டு, தமிழில்தான் முதலில் ஏசினேன். பிறகு பிரெஞ்சுக்கு மாறினேன். “ஞாயிற்றுக்கிழமை கலியாணம்! முடிக்காமல் அனுப்பியிருக்கிறியள். என்னை மானம் கெடுக்கிற யோசனையோ?”

கூட்டாளி கத்தவில்லை. “நீ கறுப்பு வேண்டாமெண்டாய். நாங்கள் கடைசிச் சுற்றை வேற நிறத்திலை போடுறேல்லை. அந்தச் சுற்றிலைதான் செய்தவளின்ரை முடிச்சு வரும். ஆர் செய்த தட்டெண்டு அதைப் பாத்துத்தான் சந்தையிலை சொல்லுவினம். உனக்கு எங்கடை முடிச்சு வேண்டாமெண்டால் நீ உனக்குப் பிடிச்ச நிறத்திலை உன்ரையைப் போடு. அப்ப அது உன்ரை தட்டு. உனக்கெண்டுதான் திறந்து விட்டிருக்கு.”

போனை வைத்துவிட்டேன். தையல் மெசினில் அந்த அக்காவின் கலியாணச் சட்டை உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. கழுத்துப் பட்டிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில், மஞ்சள் நூலால் ஒரு சின்ன எழுத்து. என் பெயரின் முதல் எழுத்து. கடை திறந்த நாளிலிருந்து நான் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் அதைப் போடுகிறேன். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் சொன்னதில்லை. அதைப் போடாமல் ஒரு சட்டையை என் கை கொடுக்காது. அப்படிப்பட்ட நான், பதினொரு பெண்களிடம் உங்கள் பெயரை அழித்துவிட்டு வேலையை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு நொடி யோசிக்காமல். வெட்கத்தில் முகம் எரிந்தது.

கணவர் வந்து பார்த்தார். அவர் நல்ல மனுசன், சிக்கல் பிடிக்காது. “சிவப்பு றிபனைச் சுத்தி ஒட்டிவிடன். ஆர் பாக்கப் போகினம்?” என்றார். ஒரு பின்னேர வேலை. அக்காவுக்கும் சந்தோசம், சனத்துக்கும் சந்தோசம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனுக்கு முன்னால் பதினொரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தங்களது அல்லாத தட்டுகளை நான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு தெரு தள்ளி ஒரு பிளாஸ்ரிக் பாய் வாங்கினேன். கறுப்பும் வெள்ளையும் கலந்தது. கடைக்குள் விரித்து, கறுப்பு நாடாக்களை மட்டும் ஒன்றொன்றாக உருவினேன். பிறகு கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

“பிழை என்னிலை. நான் கறுப்பைப் போடுறன். ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை முடிச்சைக் காட்டச் சொல்லு. அவையின்ரை முடிச்சைப் போட அவை விட்டால் நான் போடுறன்.”

“நாளைக்குச் சொல்லுறன்” என்றாள். நாளைக்கு என்ன, அன்று மத்தியானமே கூப்பிட்டாள். கொட்டகைக்குள் எல்லோரும் கூடியிருந்தார்கள். “விடுவினமாம். ஆனா தப்பாய்ப் போட்டால் அவிழ்க்கச் சொல்லுவினமாம்.”

அந்த நான்கு நாளும் என் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. போனை மெசினில் சாய்த்து வைத்து, அவர்கள் தந்த குத்தூசியால் துளை போட்டு, நாடாவை இழுத்து, ஒவ்வொருத்தியின் முடிச்சுக்கும் வரும்போது அவளைக் கூப்பிடுவேன். அவள் அங்கே தன் கையில் செய்து காட்டுவாள், நான் இங்கே செய்வேன். ஒருத்தியுடையது மூன்று சாய்ந்த தையல். ஒருத்தியுடையது ஒரு புள்ளி மட்டும், ஆனால் அந்தப் புள்ளி வருவதற்கு நாடாவை இரண்டு தரம் மடித்து இழுக்க வேண்டும். தட்டின்மேல் ஏறி நின்றவள் என்னை மூன்று தரம் அவிழ்க்க வைத்தாள். நான்காவது தரம் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னாள். கூட்டாளி மொழிபெயர்த்தாள். “இப்ப அது நான்தானாம்.” விரல் நுனிகள் எல்லாம் பிளந்துவிட்டன. நான் பாட்டுப் பாடிக்கொண்டு தைத்தேன் என்று கணவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசித் தட்டு. கூட்டாளியின் கூறைத் தட்டு. கறுப்பைச் சுற்றி முடித்துவிட்டு, “உன்ரை முடிச்சைக் காட்டு” என்றேன்.

“காட்டத் தேவையில்லை. உனக்குத் தெரியும்.”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“எத்தினை நாள் எனக்காகப் போட்டிருப்பாய்? கதவுக்குப் பின்னாலை.”

இரண்டு கோடு குறுக்கே. கீழே ஒரு சின்ன வளையம். ஒன்பது வருடம் கழிப்பறைத் தாளில் பார்த்ததுதான், அவளுக்காக என் கையால் எத்தனையோ தரம் கீறியதுதான், அது அவள் பாரிசுக்கு வருவதற்கு முன்பே தட்டில் போட்டுப் பழகிய முடிச்சு. அந்தக் கட்டடத்தில் அவளை ஒரு வாளியும் துடைப்பமுமாகப் பார்த்தவர்களின் கதவில் அவள் ஒவ்வொரு நாளும் தன் தொழிலின் அடையாளத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. நான் கடையில் இருந்து ஓவென்று அழுதேன். அவள் பொறுத்துக்கொண்டு இருந்தாள். அழுது முடிந்ததும் போட்டேன். முதல் தரமே சரியாக வந்தது.

“பக்கத்திலை உன்ரையையும் போடு. அந்தத் தாளிலை மாதிரி” என்றாள்.

மஞ்சள் நூல் எடுத்து, கறுப்பின்மேல் என் எழுத்தையும் தைத்தேன்.

அந்த அக்காவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நாலு நாளும் பயத்தில் தள்ளிப்போட்டேன் என்பதுதான் உண்மை. சனிக்கிழமை சட்டை எடுக்க வந்தவ, வாசலிலேயே தட்டுகளைக் கண்டா.

“என்ன தங்கச்சி இது? நான் வேண்டாமெண்ட கறுப்பை வேணுமெண்டே சுத்தி வைச்சிருக்கிறாய்?”

“ஓம் அக்கா. வேணுமெண்டுதான் சுத்தினனான்.”

“நாளைக்கு விடிஞ்சால் கலியாணம். சனம் என்ன சொல்லும்? ஒரு கறுவல் செய்த தட்டிலை, கறுப்புக் கரையோடை, என்ரை மருமகளின்ரை கூறையை வைக்கிறதோ?”

பதினைந்து வருட வாடிக்கை. அவ ஒரு சொல் சொன்னால் மார்க்ஸ் டோர்மோயில் பாதிப் பேர் என் கடைப் பக்கம் வரமாட்டார்கள். அது எனக்கு அந்த நேரத்திலும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வாய் முந்திவிட்டது.

“அந்தச் சொல்லை என்ரை கடைக்குள்ளை கதையாதேங்கோ” என்றேன். அவவின் கலியாணச் சட்டையை எடுத்து உள்பக்கம் புரட்டி, முகத்துக்கு நேரே பிடித்தேன். “இதைப் பாருங்கோ. என்ரை எழுத்து. உங்களுக்குத் தைச்ச எல்லாச் சட்டையிலும் இருக்கு. பதினைஞ்சு வருசமாய் என்ரை பேரை முதுகிலை வைச்சுக்கொண்டுதான் எல்லா நல்ல காரியத்துக்கும் போறியள். அவையின்ரை பேர் வெளியிலை தெரியுது. அவ்வளவுதான் வித்தியாசம். பதினொரு பொம்பிளையளின்ரை கை இது. வேண்டாமெண்டால் வேற தட்டு எடுங்கோ. இதிலை ஒரு நூலும் நான் அவிழ்க்க மாட்டன்.”

அக்கா கதிரையில் இருந்தா. சட்டையை வாங்கி, மஞ்சள் எழுத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தா. “இதை நான் ஒருநாளும் காணேல்லை” என்றா மெதுவாக. பிறகு எழும்பிப் போய்க் கூறைத் தட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தா. கரையைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையெழுத்தும் இருந்த இடத்தில் நிறுத்தினா.

“மாப்பிள்ளை பொம்பிளைக்குக் கண்ணூறு படாமல் கன்னத்திலை கறுத்தப் பொட்டு வைக்கிறம்தானே. தட்டுக்கும் வைச்சதெண்டு சனத்துக்குச் சொல்லலாம்.”

எங்கள் ஆட்களின் மூளையே மூளை. கதவு பூட்டியிருந்தால் யன்னலால் வருவார்கள். “நீங்கள் அப்பிடிச் சொல்லுங்கோ அக்கா. என்னட்டைக் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன்” என்றேன். அவ தலையை ஆட்டிவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு போனா. தட்டுகளைத் தன் மகளை அனுப்பி எடுப்பிப்பதாகச் சொன்னா. மகள் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை.

கலியாணம் லா கூர்னெவில் ஒரு மண்டபத்தில். நாதஸ்வரம் தொடங்கியதும் வாசலில் தட்டுகள் வரிசைப்பட்டன. நான் பக்கவாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கொட்டகைக்குள் பதினொரு தலைக்கட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. முதல் தட்டு பூவோடு கடந்தது. போனுக்குள் ஒருத்தி கத்தினாள். தன் மூன்று தையலை அவள் கண்டுவிட்டாள். அடுத்தது பழம். அடுத்தவள் கத்தினாள். தட்டின்மேல் ஏறி நின்றவளின் தட்டில் கற்கண்டு. அவள் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குரல். சபையில் இருந்தவர்கள் “ஆர் கத்துறது?” என்று என்னைப் பார்த்தார்கள். “தட்டுச் செய்தவை” என்று உரக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னேன். அந்த மண்டபத்தில் அன்று மாப்பிள்ளையைவிட நிமிர்ந்து நின்றவள் நான்தான்.

கூறைத் தட்டு வந்தபோது கூட்டாளி கத்தவில்லை.

தாலி கட்டுவதற்கு முன், கூறையும் தாலியும் வைத்த தட்டைச் சபையைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். ஒவ்வொருவரும் தொட்டு வாழ்த்த வேண்டும். மாப்பிள்ளையின் தங்கை தட்டைப் பிடித்துக்கொண்டு வர, தாயான எங்கள் அக்கா கூடவே வந்தா. நானும் போனோடு பின்னாலே போனேன். முன் வரிசையில் இருந்த ஒரு முதியவர் தொடக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“என்ன பிள்ளை, கூறைத் தட்டிலை கறுப்பு?”

கறுத்தப் பொட்டுக் கதை வரப்போகிறது என்று காத்திருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு குனிந்து, கரையில் விரலை வைத்துக் காட்டினா.

“அது செய்தவவின்ரை கையெழுத்து ஐயா. பக்கத்திலை மஞ்சளாய் இருக்கிறது எங்கடை தங்கச்சியின்ரை. ரெண்டையும் தொட்டு வாழ்த்துங்கோ.”

அவர் கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை அந்த இடத்திலேயே வைத்து வாழ்த்தினார். பக்கத்தில் இருந்தவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். வரிசை வரிசையாகத் தட்டு போனது. கைகள் வந்து வந்து அந்த இரண்டு கையெழுத்தின்மேலும் பட்டன.

“அந்த மனுசி என்ன சொன்னவ?” என்று போனுக்குள்ளிருந்து கூட்டாளி கேட்டாள். சொன்னேன். அவள் மற்றவர்களுக்குத் தங்கள் மொழியில் சொன்னாள். பிறகு தலைக்கட்டுக்குக் கீழே, காதில், இல்லாத பேனையைச் செருகிக் காட்டினாள்.

“கையெழுத்து வைச்சாச்சு” என்றாள். “இனிப் போவம்.”